அக்கா எரிக்க விடாத பயற்றங்கொடிகள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அட்டைப் படத்தைப் பார்த்ததும் உங்களில் சிலர் முகம் சுளித்திருப்பீர்கள். "வேற படமே கெடைக்கலயா?" என்று அச்சுக்குப் போகும் முன்பே என்னிடம் கேட்டுவிட்டார்கள். கிடைத்தது. பட்டுப்புடவை கட்டி ஸ்டூடியோவில் எடுத்த படம் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அது அக்காவுக்குப் பிடிக்காத படம். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சோளக்காட்டு நடுவில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி நிற்கிற இந்தப் படம்தான் அவருடைய முகம். அதனால் இதைத்தான் போட்டேன்.

நினைவு மலர் என்றால் "அன்பின் வடிவம், பொறுமையின் சிகரம், அதிர்ந்து பேசாதவர்" என்று எழுதுவது வழக்கம். அன்பு இருந்தது, அதை யாரும் மறுக்க முடியாது. பொறுமை எவ்வளவு இருந்தது என்பது அவரோடு ஒரு நாள் வெயிலில் நின்றவர்களுக்குத் தெரியும். அதிர்ந்து பேசாதவர் என்று எழுதினால் நீங்களே சிரித்துவிடுவீர்கள். அக்கா சண்டைக்காரர். நியாயம் தன் பக்கம் என்று பட்டுவிட்டால், எதிரில் நிற்பது அண்ணனா அதிகாரியா என்று பார்க்கமாட்டார். அவர் போட்ட சண்டைகளிலேயே பெரியது, ஊரார் குப்பை என்று சொன்ன ஒரு குவியலுக்காகப் போட்டது. அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மலேசியாவின் ஈஜோக் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், கோயிலை ஒட்டிய தொழிலாளர் லயத்தில் அக்கா பிறந்தார். எங்கள் வீட்டில் மூன்று பேர். மூத்தவர் அண்ணன், அடுத்து அக்கா, ரொம்பப் பின்னால் நான். அக்கா தொடக்கப் பள்ளியோடு படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவோடு மரம் சீவப் போனார். படிப்பு வராமல் நின்றவர் அல்லர். வீட்டில் அரிசி போதாமல் நின்றவர். பழைய மரங்களை வெட்டி மறுநடவு செய்த காலத்தில், இளங்கன்றுகளுக்கு நடுவே கொடி விதை தூவும் வேலைக்கும் போனார். அந்தக் கொடி எதற்கு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தொரை போடச் சொன்னார், இவர்கள் போட்டார்கள்.

தோட்டத்தின் ஓர் ஓரத்தைத் துண்டு போட்டு விற்றபோது, அம்மாவின் காதிலும் கழுத்திலும் இருந்ததைக் கழற்றி அப்பா இரண்டு ஏக்கர் வாங்கினார். லயத்துக் கூலிக்கு நிலம் எதற்கு என்று அன்றைக்கும் சிரித்தவர்கள் இருந்தார்கள். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாகும் முன் அந்த நிலத்தை எங்கள் மூவர் பெயரிலும் எழுதிவைத்தார். மூவரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவைச் சுங்கை பெசாரில் கட்டிக்கொடுத்தார்கள். அத்தான் லோரி ஓட்டினார், தங்கமான மனிதர். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதற்காக அக்கா கேட்ட பேச்சு கொஞ்சமல்ல. வளைகாப்பு வீடுகளில் அவரை ஒதுக்கி உட்கார வைத்தவர்களின் பெயர்கள் எனக்கு நினைவிருக்கின்றன, இங்கே எழுதவில்லை. அத்தான் மட்டும் ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அவர் நெஞ்சுவலியில் திடீரென்று போய்ச் சேர்ந்த பிறகு, அக்கா ஒரு பையில் துணிமணிகளோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தார்.

வந்தவர் முதலில் போய்ப் பார்த்தது நிலத்தை. பார்க்கச் சகிக்கவில்லை. ரப்பரை வெட்டிய பிறகு அதைக் குத்தகைக்கு எடுத்தவர் வருஷக்கணக்கில் மரவள்ளியே போட்டார். மரவள்ளி மண்ணை உறிஞ்சிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தும் யாரும் தடுக்கவில்லை. அவர் கிழங்கையெல்லாம் பிடுங்கிக்கொண்டு போனபின், லாலாங் புல் இடுப்பு உயரத்துக்கு நின்றது. புல்லை விலக்கினால் கீழே வெளிறிப்போன கட்டாந்தரை. அந்தச் சமயத்தில்தான் நிலத்தை வாங்க ஓர் ஆள் தேடி வந்திருந்தார்.

அண்ணன் வீட்டுக் கூடத்தில் கூடிப் பேசினோம். அண்ணன் பொல்லாதவர் இல்லை. அவருக்குப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் சுமை இருந்தது.

"மண்ணு செத்துப் போச்சு தங்கச்சி. மரவள்ளி போட்டே சாகடிச்சிட்டான். வந்த ஆளுக்குக் குடுத்துட்டு மூணு பேரும் பிரிச்சிக்குவோம்லா," என்றார்.

"செத்துப்போச்சுன்னு யாரு பாத்தது? நாடி புடிச்சிப் பாத்தீங்களா?" என்றார் அக்கா.

அங்கே ஓர் உறவினரும் உட்கார்ந்திருந்தார். பெயர் வேண்டாம், இந்த மலர் அவர் கைக்கும் போயிருக்கும். அவர் காபியை உறிஞ்சியபடி, "புள்ளையில்லாத பொம்பளைக்கு நெலம் எதுக்கு?" என்றார்.

அக்கா எழுந்து நின்றுவிட்டார். "புள்ள இருக்கிறவன் வித்துச் சாப்பிடலாம், புள்ள இல்லாதவ வெளைய வைக்கக் கூடாதா? இது எந்த ஊரு நியாயம்? காபி குடிச்சாச்சுல்ல, கெளம்புங்க."

அவர் கிளம்பினார். அதன்பின் அக்கா அண்ணனிடம் ஒரு பேச்சு வைத்தார். மூன்று முறை சோளம் எடுத்துக் காட்டுவார். மூன்றாவது அறுப்பு தேறவில்லை என்றால் மறுபேச்சில்லாமல் அவரே கையெழுத்துப் போடுவார். அண்ணன் ஒத்துக்கொண்டார். நான் ரவாங்கில் தொழிற்சாலை வேலையில் இருந்தேன், வாரக்கடைசியில் வந்து போகிறவள். என் கையெழுத்து அக்காவின் பக்கம்தான் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

ஏன் சோளம் என்று கேட்பீர்கள். ஆற்றங்கரையில் மின்மினிப் பூச்சி பார்க்க வருகிற சுற்றுலாக் கார்கள் எல்லாம் சாலையோரக் கடையில் நிறுத்தி அவித்த சோளம் வாங்குகின்றன. தஞ்சோங் காராங் போகும் வழியில் அப்படிக் கடை வைத்திருந்த மலாய்ப் பெரியவர் ஒருவர், நாங்கள் பாக்சிக் என்று கூப்பிடுவோம், அத்தானின் பழைய சிநேகிதர். நல்ல சோளமாக இருந்தால் அத்தனையும் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

நல்ல சோளமாக இருந்தால். அங்கேதான் முதல் அடி விழுந்தது. முதல் முறை பயிர் முழங்கால் உயரத்திலேயே மஞ்சளித்து நின்றுவிட்டது. கதிரை உரித்தால் அங்கொரு முத்து இங்கொரு முத்து. பாக்சிக் ஒரு கதிரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அலாமா, அக்கா! இது கோழிக்குப் போடறதுலா," என்றார். தமிழர் வீட்டுப் பெண்களை அக்கா என்று அழைப்பது அவர் பழக்கம். எங்கள் அக்கா கதிர்களை மூட்டை கட்டி, கோழி வளர்க்கும் அண்டை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, நேரே விவசாய அலுவலகத்துக்குப் போனார்.

அங்கிருந்து ஓர் இளம் பெண் அதிகாரி வந்தார், மலாய்க்காரர். அவர் மண்ணைத் தோண்டிப் பார்த்து, இது செத்துப் போகவில்லை, பட்டினி கிடக்கிறது என்று சொன்னார். புளித்த மண்ணுக்குச் சுண்ணாம்பு போடுங்கள், வெறும் மூட்டை உரத்தைக் கொட்டினால் மழை அடித்துக்கொண்டு போய்விடும், சோளத்தோடு பயறு வகையைச் சேர்த்துப் போடுங்கள் என்றார். பயற்றின் வேரில் ஒட்டி வாழும் கிருமியைக் கலந்த கறுப்புத் தூள் ஒரு பொட்டலமும் கொடுத்தார். ஆறிய கஞ்சியில் அந்தத் தூளைக் குழைத்து, விதையில் பூசி ஊன்ற வேண்டும். அக்கா அப்படிச் செய்ததைப் பார்த்துவிட்டு, "வெதைக்குக் கஞ்சி ஊத்தறா, அடுத்து தாலாட்டும் பாடுவா" என்று கேலி பேசினார்கள். பேசட்டும், பேசுவதற்கு வாடகையா என்ன.

அக்கா எல்லாம் தெரிந்தவர் என்று நான் கதை கட்டப்போவதில்லை. இரண்டாம் முறை அவசரப்பட்டார். சோளத்தையும் நீளப் பயற்றையும் ஒரே நாளில் ஊன்றிவிட்டார். பயற்றங்கொடி சோளத்தைவிட வேகமாக வளர்ந்து, தட்டையில் ஏறிச் சுற்றி, பாதிப் பயிரைக் குனிய வைத்துவிட்டது. அதிகாரி வந்து, சோளம் முழங்கால் தொட்ட பிறகு பயறு போடுங்கள், அதுவும் ஏறாத ரகமாகப் பாருங்கள் என்று கடிந்துகொண்டார். நேராக நின்ற சோளத்தை மட்டும் பாக்சிக் வாங்கிக்கொண்டார். அண்ணன் நிலம் வாங்க வந்த ஆளுக்கு இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று போனில் சொல்லி வைத்தார்.

மிச்சம் ஒரே ஓர் அறுப்பு. அக்கா இந்த முறை அவசரப்படவில்லை. சோளத்துக்கு முன்னால் மண்ணுக்குச் சாப்பாடு போடுகிறேன் என்று சொல்லி, இரண்டு ஏக்கரிலும் தட்டைப்பயறு மட்டும் விதைத்தார். அது பூ விடும் நேரத்தில் கொடியோடு வெட்டி மண்ணில் மேலாகப் புதைத்து, மட்கிய பிறகு சோளம் ஊன்றுவது திட்டம். காய் பிடிக்கும் வரை விடக் கூடாது, விட்டால் சத்தெல்லாம் காய்க்குப் போய்விடும். பழைய சோளத் தட்டைகளையும் எரிக்காமல் அப்படியே போட்டிருந்தார்.

இங்கே நம் ஜனங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் வேலை செய்த குடும்பங்களுக்கு நிலம் என்றால் சுத்தம். மரத்தடி வழித்துவிட்ட மாதிரி இருக்க வேண்டும். ஒரு புல் தெரிந்தாலும் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் திட்டுவார், மண்டோரை ஆபீஸ் கிராணி திட்டுவார். அந்தப் பயம் தலைமுறை தாண்டியும் நம் கையில் இருக்கிறது. வீட்டு வாசலில் ஒரு பூண்டு முளைத்தாலும் நமக்கு மானம் போகிறது. சாலையில் போகிற உறவினர் எல்லாம் அந்த இரண்டு ஏக்கரைப் பார்த்து, "காடாக் கெடக்கு, பாம்பு வரும்" என்று அண்ணனிடம் வந்து வந்து சொன்னார்கள். எங்கள் அண்ணனோ தோட்டத்தின் கடைசி மண்டோர். அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கொடி பூக்கத் தொடங்கிய வாரத்தில் அக்காவுக்கு வயிற்றுவலி வந்து, அவசரமாக அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அவர் மருத்துவமனையில் கிடந்தபோது, அண்ணன் நிலத்தைப் பார்க்கப் போயிருக்கிறார். ஒரு கொடியைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறார். வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக இருந்திருக்கிறது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரப்பரில் வெள்ளை வேர் நோய் வந்தால் என்ன செய்வார்கள் என்று தோட்டத்து ஆட்களுக்குத் தெரியும். நோய் பிடித்த வேரைத் தோண்டி எடுத்து எரித்துவிடுவார்கள், இல்லையென்றால் பக்கத்து மரமும் போய்விடும். தங்கையின் கடைசி அறுப்பை நோய் தின்றுவிடக் கூடாதே என்று, அண்ணன் தன் பழைய கூட்டாளிகளைக் கூப்பிட்டார். எல்லோரும் சேர்ந்து கோத்தோங் ரோயோங் என்று கூட்டு வேலை போட்டு, இரண்டு ஏக்கர் கொடியையும் வேரோடு பிடுங்கிச் சாலையோரம் குவித்து விட்டார்கள். யாரும் கூலி கேட்கவில்லை. அக்காவுக்குச் செய்கிற உதவி என்றே நினைத்தார்கள்.

அக்காவை நான் வீட்டுக்கு அழைத்து வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கார் நிலத்தைத் தாண்டும்போது, "நிறுத்து" என்றார். பச்சையாக இருந்த இடம் மொட்டையாகக் கிடந்தது. சாலையோரத்தில் ஆள் உயரத்துக்குக் கொடிக் குவியல். அண்ணன் கையில் மண்ணெண்ணெய் டின்.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஆட்கள் தாங்கள் உட்காரக் கொண்டுவந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை என்னை எடுத்து வரச் சொல்லி, குவியலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"யாரக் கேட்டுப் புடுங்குனீங்க?"

"கேக்கறதுக்கு நீ மயக்கத்துல கெடந்தே," என்றார் அண்ணன். "வேரப் பாத்தியா தங்கச்சி? முடிச்சு முடிச்சாக் கட்டியிருக்கு. வேர் நோய்லா இது! எத்தன மரத்தத் தோண்டி எரிச்சவன் நான், எனக்குத் தெரியாதா? தள்ளு, கொளுத்திட்டா நிம்மதி."

"இது நோயில்ல. எரிக்கணும்னா என்னையும் சேத்துக் கொளுத்துங்க."

"ஆஸ்பத்திரிலேருந்து வந்த வாயால பேசற பேச்சா இது!" என்று அண்ணி பதறினார்.

"நான் என்னா பண்றது அண்ணி, ஒங்க வீட்டுக்காரரு டின்ன எறக்க மாட்டேங்கறாரே."

வெயில் ஏறியது. ஆட்கள் மரநிழலுக்குப் போய்விட்டார்கள். அண்ணி ஃபிளாஸ்கில் டீ கொண்டுவந்தார். அக்கா நாற்காலியை விட்டு அசையவில்லை. அண்ணனும் டின்னைக் கீழே வைக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் டீ குடித்தார்கள். நான் நடுவில் நின்றேன். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அப்போது அக்காவின் கண் கால்வாய்க் கரைக்குப் போனது. அங்கே ஒரு கொத்து பிடுங்காமல் தப்பியிருந்தது.

"மண்டோரே," என்றார். அண்ணனை அவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "அங்க ஒரு கொத்து விட்டுப்போச்சு. நாங்க வேல செஞ்ச காலத்துல இப்படி விட்டிருந்தா என்னா கத்து கத்தியிருப்பீங்க?"

அண்ணன் முகத்தில் உண்மையாகவே வெட்கம் தெரிந்தது. தன்னால் குனிய முடியாது என்பதால் அக்கா என்னைப் பிடுங்கி வரச் சொன்னார். ஈர மண்ணோடு வேர் வந்தது. அக்கா ஒரு முடிச்சைக் கிள்ளி நகத்தால் பிளந்தார். உள்ளே சிவப்பு. நகத்தில் ஒட்டிக்கொண்டது.

"நோய் புடிச்ச வேரு உள்ள எப்படி இருக்கும்? நீங்கதான் நெறயப் பாத்தவரு, சொல்லுங்க."

"அழுகியிருக்கும். நாறும்."

"மோந்து பாருங்க."

அண்ணன் அதை வாங்கி மோந்தார். மறுபடியும் மோந்தார். இன்னொரு முடிச்சைத் தானே பிளந்தார். அதுவும் சிவப்பு.

"மண்ணு வாசம்தான் வருது," என்றார்.

"கடையில மூட்டையில விக்கிறானே உரம், அந்தச் சத்து காத்துலயே இருக்காம். இந்த முடிச்சுக்குள்ள இருக்கிற கிருமி அதப் புடிச்சிக் கொடிக்குக் குடுக்குது. சிவப்பா இருந்தா வேல செய்யுதுன்னு அர்த்தம். ஆபீசர் பொண்ணு சொன்னுச்சு, நானும் கீறிக் கீறிப் பாத்துட்டேன். நீங்க எரிக்கப் போறது நோய இல்ல அண்ணே, என் சோளத்துக்கு வச்சிருந்த சோத்த."

அண்ணன் விடவில்லை. "பாக்கறதுக்குக் காடா இருக்கேம்மா. நாலு பேரு என்னையில்ல கேக்கறான்."

"ரப்பர் கன்னுக்கு நடுவுல கொடி போட்டமே, மறந்து போச்சா? தொர போட்டா வெவசாயம், நான் போட்டா காடா?"

"அது மண்ணு கரைஞ்சு ஓடாம இருக்கப் போட்டது."

"அப்படின்னு ஒங்களுக்குச் சொன்னான். மண்ணு ஓடாம இருக்க எந்தப் புல்லு இருந்தாலும் போதும். இருந்த புல்லையெல்லாம் நம்ம கையால புடுங்க வச்சிட்டு, காசு குடுத்து எதுக்குக் கொடி வெத வாங்குனான்? அவன் மண்ணு பசியாறணும், நம்ம மண்ணு மட்டும் சுத்தமா இருக்கணும். அப்படித்தானே?"

அண்ணன் டின்னின் மூடியைத் திருகி இறுக்கினார். நிழலில் உட்கார்ந்திருந்தவர்கள் பக்கம் திரும்பி, தோட்டத்துக் குரலில் கத்தினார். "என்னாடா உக்காந்திருக்கீங்க? தூக்குங்க எல்லாத்தையும் உள்ள!"

பிடுங்கிய கைகளே திரும்பச் சுமந்தன. கொஞ்சம் வாடியிருந்தாலும் இலை உதிரவில்லை. பூ விட்ட பருவத்திலேயே பிடுங்கியதால் பெரிய நஷ்டம் இல்லை என்று அதிகாரி பிறகு சொன்னார். வரிசை வரிசையாகப் பரப்பி, மண்வெட்டியால் கொத்திப் புரட்டினார்கள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடியே, அங்கே மூடு, இங்கே மேடாக இருக்கிறது என்று விரட்டினார். அன்றைக்கு மண்டோர் வேலை அவருடையது. அண்ணனும் மண்வெட்டி பிடித்தார்.

இதை எழுதலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். "எழுது. ஆனா நான் வேலையில சுத்தமான மண்டோர்னும் எழுது," என்றார். எழுதிவிட்டேன். சுத்தமான மண்டோர்தான், கால்வாய்க் கரையில் விட்ட அந்த ஒரு கொத்தைத் தவிர.

மூன்றாவது அறுப்பில் தங்கம் விளைந்தது என்று சொல்லமாட்டேன். மேட்டுப் பக்கம் பயிர் இன்னும் சோனியாகத்தான் இருந்தது. ஆனால் மற்ற இடமெல்லாம் கரும்பச்சையாக, அண்ணன் தலைக்கு மேல் நின்றது. அறுத்த அன்று அண்ணனே ஒரு கதிரை உரித்து, கட்டை விரலால் அடியிலிருந்து நுனிவரை தடவிப் பார்த்தார். இடைவெளி இல்லை. பாக்சிக் பச்சையாகவே கடித்துப் பார்த்து, "மானிஸ்! மானிஸ்லா அக்கா, இனிப்பு!" என்று கூவிவிட்டு அத்தனையும் லோரியில் ஏற்றினார். அண்ணன் அங்கேயே நின்று நிலம் வாங்க வந்த ஆளுக்குப் போன் போட்டார். "எடம் விக்கறதுக்கு இல்லைலா. என் தங்கச்சி சோளம் போடறா." போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று சொன்னார், நாங்களும் அப்படியே வைத்துக்கொண்டோம்.

அதன்பின் அக்கா நிறுத்தவில்லை. சோளம், அது முழங்கால் தொட்டதும் நடுவில் பயறு, அறுப்பு முடிந்ததும் ஒரு போகம் வெறும் பயறு, சில சமயம் கச்சான் என்கிற நிலக்கடலை. உரமே போடாமல் விளைவித்தார் என்று யாரும் பெருமைக்குச் சொல்ல வேண்டாம். போட்டார். உரத்தின் விலை ஏறி எல்லோரும் தலையில் கை வைத்த காலத்தில், மற்றவர்கள் போடுவதில் பாதி அவருக்குப் போதுமானதாக இருந்தது, அவ்வளவுதான். வெளிறிக் கிடந்த மண் கறுத்தது. மழை பெய்தால் தேங்காமல் உள்ளே இறங்கியது. கையால் அள்ளினால் மண்புழு நெளிந்தது. மேட்டுப் பக்கம் மட்டும் கடைசிவரை அவருக்கு அடங்கவில்லை, அதோடும் சண்டைதான்.

நல்ல குணங்களையும் சொல்ல வேண்டும் அல்லவா? கோயில் அன்னதானத்துக்கு முதல் மூட்டை சோளம் அவருடையதுதான். அண்ணன் பிள்ளைகளின் படிப்புக்குக் கேட்காமலே கொடுத்தார், கொடுத்ததைச் சொல்லிக் காட்டியதில்லை. பிள்ளை இல்லாதவளுக்கு நிலம் எதற்கு என்று கேட்டவரின் மகள் திருமணத்துக்கும் பந்திக்குச் சோளம் அனுப்பினார். நான் அனுப்பியிருக்கமாட்டேன்.

போன வருஷம் நோய் வந்தது. இந்த முறை மருத்துவர்கள் எங்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். அக்காவுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்துவிட்டது. ஆரஞ்சுப் பழத்தோடு போய் நின்றால் கோபம் வரும். "இங்க வந்து ஒக்காந்து என்னா பண்ணப் போறே? பூ விட்டுருச்சா?" என்பார். விட்டுவிட்டது என்று சொன்னேன். "அப்போ வெட்டு. காய் புடிக்கட்டும்னு ஆசப்படாதே, மண்ணுக்குச் சேர வேண்டியத நம்ம திங்கக் கூடாது." நான் போய் வெட்டிப் புதைத்துவிட்டு, சேற்றுக் காலோடு திரும்பி வந்து சொன்னேன். "ஆழமாப் பொதைக்கலியே?" என்று கேட்டார். இல்லை என்றேன். தலையாட்டினார். அதன்பின் அதிகம் பேசவில்லை. ஒரு காலை, அண்ணன் கை அவர் தலையில் இருக்கும்போதே அடங்கினார். அண்ணன் வாய்விட்டு அழுததை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். அக்கா, நீங்கள் இல்லாமல் எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. இதை எங்கேயாவது சொல்ல வேண்டும், இங்கே சொல்லிவிட்டேன்.

இப்போது கடைசி விஷயம். அக்கா இன்னும் வீட்டில் படுத்திருக்கும்போதே, மாலை போட வந்த ஒருவர் அண்ணனை ஓரமாக அழைத்து, "இனிமே யாரு பாக்கப் போறா? நல்ல பார்ட்டி கையில இருக்கு" என்றார். அண்ணன் சத்தமாகவே பதில் சொன்னார். "பொணம் வீட்ல கெடக்கு, வெலை பேச வந்தியா? மாலையக் கழட்டிக்கிட்டுப் போடா." அவர் போனார், பேச்சு போகவில்லை. கருமாதி முடிந்ததும் வேறு பக்கத்திலிருந்து வந்தது. துக்கம் நடந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை விதை போடக் கூடாதாம். யார் வைத்த சட்டம் என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. அந்த வாரமே அண்ணனும் நானும் விதைத்தோம். நான் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டேன். எனக்குச் சோளம் இன்னும் சரியாக வரவில்லை. என் முதல் அறுப்பும் கோழிக்குத்தான் போனது. அதனால் என்ன, கற்றுக்கொள்கிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் உண்டு. மழையில் வந்து மண்ணைத் தோண்டிப் பார்த்த அந்த அதிகாரிக்கும், கோழிச் சோளம் என்று உண்மையைச் சொன்ன பாக்சிக்குக்கும், கடைசி நாள்களில் அக்காவின் திட்டை வாங்கிக்கொண்டு சிரித்த முகமாகக் கவனித்த தாதியருக்கும், கொடியைப் பிடுங்கித் திரும்பவும் சுமந்த அண்ணனின் கூட்டாளிகளுக்கும், எல்லோருக்கும் டீ ஊற்றியே இரண்டு பக்கமும் சமாதானம் செய்த அண்ணிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மண் செத்துவிட்டது என்று சொன்னவர்களுக்கும் நன்றி. நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் அக்காவுக்கு இத்தனை ரோஷம் வந்திருக்காது.

இன்று திதிக்கு வந்த எல்லோரும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இலையில் தட்டைப்பயறு குழம்பு இருக்கிறது. போகிற வழியில்தான் நிலம், இறங்கிப் பாருங்கள். அண்ணனும் நானும் அங்கேதான் இருப்போம். நாளைக்கும் இருப்போம். ஒன்றே ஒன்று மட்டும் சொல்கிறேன். எங்களிடம் விலை கேட்டு வராதீர்கள். விதை கேட்டு வாருங்கள்.